மணியும் நோயாளியும்

(மருத்துவமனை உபகாரிகள் தினக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பழைய திரைப்படங்களைக் கத்தோலிக்கக் கண்ணோட்டத்தில் பார்ப்பது பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். அழைப்பிதழைப் பார்த்த பெரியவர் ஒருவர், "ஆஸ்பத்திரிக் கூட்டத்திலே சினிமாப் பேச்சா, சாமி?" என்று கேட்டார். கேட்டதில் தவறில்லை. அவர் வளர்ந்த காலத்தில் சினிமாக் கொட்டகைக்குப் போனதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னவர்கள் உண்டு. அமெரிக்காவில் 1934-ஆம் ஆண்டில் கத்தோலிக்க ஆயர்கள் ஒரு கண்ணியக் கழகம் அமைத்து, கெட்ட படங்களைப் பார்க்க மாட்டோம் என்று கோயில்களில் மக்களை உறுதிமொழி எடுக்கச் செய்தார்கள். 1936-ஆம் ஆண்டில் பதினொன்றாம் பத்திநாதர் பாப்பரசர் திரைப்படத்துக்கென்றே 'விஜிலாந்தி கூரா' என்னும் சுற்றுமடலை எழுதினார். எச்சரிக்கை நிறைந்த மடல்தான். ஆனாலும் நல்ல படம் மனிதரை உயர்த்தும் என்ற நம்பிக்கையும் அதிலே இருக்கிறது. அந்த நம்பிக்கை வளர்ந்து, சினிமாவுக்கு நூறு வயது ஆன 1995-இல், சமயம், விழுமியங்கள், கலை என்று மூன்று பிரிவுகளில் 45 படங்களைத் தேர்ந்தெடுத்து வத்திக்கானே ஒரு பட்டியல் வெளியிடும் அளவுக்கு வந்தது.

பட்டியல் முழுவதையும் படித்துக் காட்டப் போவதில்லை, பயப்பட வேண்டாம். இரண்டு படங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒன்று அந்தப் பட்டியலில் உள்ளது. மற்றது அதில் இல்லை. இரண்டுமே நோயாளிகளையும் அவர்களுக்குப் பணி செய்யும் சகோதரிகளையும் பற்றியவை. ஆகவே இந்த மேடைக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

முதல் படம் 'முசியே வின்சென்ட்'. புதுச்சேரிப் பக்கத்துப் பெரியவர்கள் 'முசே' என்பார்களே, அதே சொல்தான். 'வின்சென்ட் ஐயா' என்று பொருள். புனித வின்சென்ட் தெ பவுலின் கதை. மொரீஸ் குளோஷ் இயக்கி 1947-இல் பிரான்சில் வெளிவந்தது. வின்சென்டாக நடித்தவர் பியேர் ஃபிரெனே. அந்த ஆண்டு வெனிஸ் விழாவில் சிறந்த நடிகர் என்ற விருது அவருக்குக் கிடைத்தது. படத்துக்கு அமெரிக்காவின் சிறப்பு ஆஸ்கார் விருதும் கிடைத்தது. ஆண்டைக் கவனியுங்கள். உலகப்போர் முடிந்து இரண்டே வருடம் ஆகியிருந்தது. பஞ்சம், அகதிகள், அநாதைக் குழந்தைகள் என்றால் என்னவென்று அந்தப் படத்தைப் பார்த்த மக்களுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

புனிதர்களைப் பற்றிய படம் என்றால் நமக்கு ஒரு பழக்கம் உண்டு. தலைக்குப் பின்னால் ஒளிவட்டம், பாடகர் குழு, ஒரு புதுமை, மனமாற்றம், சுபம். இந்தப் படம் கல்லெறியில் தொடங்குகிறது. 1617-ஆம் ஆண்டு, ஷத்தியோன் என்னும் சிற்றூருக்குப் புதிய பங்குத்தந்தையாக வின்சென்ட் வந்து சேருகிறார். வரவேற்க ஒருவரும் இல்லை. கதவு சன்னல்களெல்லாம் அடைத்துக் கிடக்கின்றன. வீடுகளிலிருந்து கல் பறந்து வருகிறது. ஊரில் கொள்ளைநோய் என்ற பயம். நோய் கண்டவள் என்று ஒரு பெண்ணை வீட்டுக்குள்ளேயே வைத்து அடைத்துவிட்டிருக்கிறார்கள். வின்சென்ட் உள்ளே போகிறார். அந்தப் பெண் இறந்து கிடக்கிறாள். பக்கத்தில் அவளுடைய சின்ன மகள் உயிரோடு இருக்கிறாள். 2020-இல் நம் தெருக்களில் வீடுகளைத் தகரம் வைத்து அடைத்ததைப் பார்த்த பிறகு, இந்தக் காட்சி 17-ஆம் நூற்றாண்டுக் கதை என்று எனக்குத் தோன்றவில்லை.

படம் காட்டாத ஒன்றையும் சொல்ல வேண்டும். வரலாற்றில் ஷத்தியோனில் நடந்தது சற்று வேறு விதமானது. உபகாரிகளாகிய நமக்கு அதுதான் அதிகம் தேவை என்பது என் கருத்து. 1617 ஆகஸ்டு மாதத்து ஞாயிறு ஒன்றில் வின்சென்ட் பூசைக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது, ஊருக்கு வெளியே ஒரு குடும்பம் முழுவதும் நோயில் விழுந்து கிடக்கிறது, தண்ணீர் கொடுக்கக்கூட ஆள் இல்லை என்று செய்தி வருகிறது. அவர் பிரசங்கத்தில் அதைச் சொல்கிறார். மாலையில் அவரே அந்த வீட்டுக்குப் புறப்பட்டுப் போகிறார். வழியெல்லாம் பெண்கள் கூட்டம்! சிலர் போகிறார்கள், சிலர் திரும்பி வருகிறார்கள், வெயில் தாங்காமல் சிலர் மர நிழலில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஊரே உணவைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. அந்த வீட்டில் ரொட்டியும் இறைச்சியும் குவிந்து கிடக்கின்றன. இன்னொருவராக இருந்தால் மகிழ்ந்து இறைவனுக்கு நன்றி சொல்லிவிட்டுத் திரும்பியிருப்பார். வின்சென்ட் ஒரு விவசாயியின் மகன், கணக்குத் தெரிந்தவர். இன்று குவிந்த இந்த உணவெல்லாம் நாளைக்குக் கெட்டுப்போகும், நாளை மறுநாள் அந்தக் குடும்பம் மறுபடியும் பட்டினி கிடக்கும் என்று அவருக்கு அங்கேயே புரிந்துவிட்டது. சில நாட்களில் அந்தப் பெண்களைக் கூட்டி, ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைத்தார். அந்த ஆண்டு டிசம்பரில் அது முறையான அன்புச் சபையாக ஆனது.

இங்கே சற்று நிற்க அனுமதியுங்கள். நம் மருத்துவமனைச் சமையலறைச் சகோதரியிடம் கேட்டுப் பாருங்கள். கிறிஸ்துமஸ் வாரத்தில் ஒரே நாளில் மூன்று குழுக்கள் பிரியாணி கொண்டுவந்து நிற்கும். மாலையில் கேக், ஆரஞ்சுப் பழம். ஜனவரி 10-ஆம் தேதி வந்து பார்த்தால் கஞ்சிக்கு அரிசி எங்கே என்று அவர் தேடிக்கொண்டிருப்பார். பிறந்த நாளுக்கும் நினைவு நாளுக்கும் சாப்பாடு போடுகிறவர்களைக் குறை சொல்லவில்லை. ஆண்டவர் அவர்களை ஆசீர்வதிப்பாராக. ஷத்தியோன் பெண்களும் நல்லவர்கள்தான். ஆனால் நோயாளிக்கு நம்முடைய பிறந்த நாளில் மட்டும் பசிப்பதில்லை. மாதம் நூறு ரூபாய் என்று பத்து வருடமாகப் பண விடை அனுப்பி, பிறகு வங்கி வழியாக அனுப்பிவரும் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை நம் பட்டியலில் இருக்கிறார். இன்றைக்கு அவர் இந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. அவருடைய நூறு ரூபாயை நம்பி அரிசிக் கணக்கு எழுத முடிகிறது. வின்சென்ட் கண்டுபிடித்தது அதைத்தான்.

படத்துக்குத் திரும்புகிறேன். பாரிசில் பணக்காரப் பெண்மணிகள் வின்சென்டுக்கு உதவ முன்வருகிறார்கள். பட்டும் சரிகையுமாகக் கூடிப் பேசுகிறார்கள். அவர்கள் நடுவே வின்சென்ட் தெருவில் கண்டெடுத்த ஒரு பச்சைக் குழந்தையைக் கொண்டுவந்து வைக்கிறார். அவர்கள் முகம் மாறிவிடுகிறது. முறைதவறிப் பிறந்த குழந்தை. இது சாவது கடவுளின் தண்டனை என்று பேச்சு எழுகிறது. பாவத்துக்காக ஒருவர் சாக வேண்டுமென்றால் அதற்குக் கடவுள் தம் சொந்த மகனை அனுப்பிவிட்டார் என்ற பொருளில் வின்சென்ட் பதில் சொல்கிறார். ஒரு வேதசாத்திரப் புத்தகம் முழுவதும் அந்த ஒரு பதிலில் அடங்கியிருக்கிறது. நோயாளியின் தகுதியை விசாரிக்கும் பழக்கம் நமக்கும் இல்லாமல் இல்லை. குடித்துக் குடித்து ஈரல் கெட்டு வந்தவனுக்கு என் பணமா என்று ஒருவர் கேட்டுக் கடிதம் எழுதியிருந்தார். கையெழுத்து இல்லாத கடிதம்.

பெரிய வீட்டுப் பெண்களால் தொடர்ந்து செய்ய முடியவில்லை. பணம் தந்தார்கள், பாத்திரம் தூக்குவதற்கு வேலைக்காரியை அனுப்பினார்கள். அப்போது கிராமத்திலிருந்து மாடு மேய்த்த ஒரு பெண் வந்து சேர்ந்தாள். மார்கரீத் நாசோ என்பது அவள் பெயர். தானாகவே எழுத்துக் கற்றுக்கொண்டு மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்தவள். கொள்ளைநோய் கண்ட ஒரு பெண்ணைத் தன் படுக்கையிலேயே படுக்க வைத்துப் பார்த்து, அந்த நோயிலேயே 1633-இல் இறந்தாள். அந்த ஆண்டு நவம்பரில் வின்சென்டும் லூயிஸ் தெ மரியாக்கும் இப்படிப்பட்ட பெண்களை ஒன்றுசேர்த்து 'அன்பின் புதல்வியர்' சபையைத் தொடங்கினார்கள்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்தக் காலத் திருச்சபைச் சட்டப்படி துறவறப் பெண்கள் மடத்துச் சுவருக்குள்ளேயே இருக்க வேண்டும். புனித பிரான்சிஸ் சலேசியார் நோயாளிகளைச் சந்திக்கவென்று தொடங்கிய சபையைக்கூடச் சில ஆண்டுகளில் உள்ளே அடைத்துவிட்டார்கள். வின்சென்ட் அவருடைய நண்பர், நடந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தவர். ஆகவே அவர் தம் பெண்களைக் கன்னியர் என்று சொல்லவே இல்லை. வாழ்நாள் வார்த்தைப்பாடு கிடையாது. ஆண்டுதோறும் புதுப்பிக்கும் வார்த்தைப்பாடு. மடம் கிடையாது, நோயாளிகளின் வீடே மடம், ஊர்த் தெருவே அடைப்புச் சுவர் என்று சொல்லி வெளியே அனுப்பினார். கிராமத்துக்காரரின் சாமர்த்தியம்! இன்று உலகம் முழுவதும் சகோதரிகள் மருத்துவமனை வராந்தாவில் நடந்து போவதற்கு அந்தச் சாமர்த்தியமும் ஒரு காரணம்.

இரண்டாவது படத்துக்கு வருகிறேன். 'தி நன்ஸ் ஸ்டோரி', 1959-இல் வெளிவந்தது. கதாநாயகி ஆட்ரி ஹெப்பர்ன். இயக்கியவர் ஃபிரெட் ஜின்னமன். யூதர், நாத்சிகளின் இன அழிப்பில் பெற்றோரை இழந்தவர். இதே ஜின்னமன் பின்னாளில் புனித தாமஸ் மூர் பற்றி 1966-இல் எடுத்த படம் வத்திக்கான் பட்டியலில் இருக்கிறது. இந்தப் படம் இல்லை. ஏன் என்பதைப் படத்தின் முடிவைச் சொன்னால் ஊகித்துக்கொள்வீர்கள்.

பெல்ஜியத்தில் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஒருவரின் மகள் கேப்ரியேல். கன்னியர் மடத்தில் சேர்ந்து சகோதரி லூக் ஆகிறார். செவிலியாகக் காங்கோவுக்குப் போக வேண்டும் என்பது ஆசை. மடத்துப் பயிற்சி ஏறக்குறைய முதல் ஒரு மணி நேரம் வருகிறது. எவ்வளவு அழகு! அந்தச் சடங்குக் காட்சிகளில் வரிசையாக நடந்து சாஷ்டாங்கமாக விழும் கன்னியர்களில் பலர் ரோம் இசைநாடக அரங்கின் நடனப் பெண்கள் என்பார்கள். எல்லோரும் ஒன்றுபோல அசைய வேண்டுமென்று இயக்குநர் அவர்களை அழைத்துவந்தார். நடிகைகளை மடங்களுக்கு அனுப்பிச் சில நாட்கள் தங்கிப் பார்க்கவும் வைத்தார். நம் படங்களில் கன்னியர் வந்தால் மெழுகுவர்த்தி ஒன்றை ஏற்றிக்கொண்டு கதாநாயகியின் தலையைத் தடவுவதோடு அவர்கள் வேலை முடிந்துவிடும். இந்தப் படத்தில் அவர்கள் தரை துடைக்கிறார்கள், உடல் நோகிறார்கள், கோபப்படுகிறார்கள், பெருமைப்படுகிறார்கள், பெருமைப்பட்டதற்காக மண்டியிடுகிறார்கள்.

பயிற்சியில் முதல் பாடம் மணி. மணி அடித்தால் அது கடவுளின் குரல். எழுதிக்கொண்டிருந்தால் எழுத்தைப் பாதியில் நிறுத்த வேண்டும், பேசிக்கொண்டிருந்தால் சொல்லைப் பாதியில் நிறுத்த வேண்டும். சகோதரி லூக்குக்கு எல்லாம் வருகிறது, இது மட்டும் வரவில்லை. தன் முன்னால் படுத்திருக்கும் நோயாளி மனம் திறந்து பேசத் தொடங்கும் நேரத்தில்தான் மணி அடிக்கிறது!

இன்னொரு காட்சி. வெப்பமண்டல மருத்துவப் பரீட்சை வருகிறது. உடன் படிக்கும் மூத்த சகோதரி ஒருவருக்கு இவர்மேல் மனத்தாங்கல். தாழ்ச்சிக்கு அடையாளமாக நீ வேண்டுமென்றே பரீட்சையில் தவறிவிடலாமே என்று மடத்துத் தாயார் சொல்கிறார். சகோதரி லூக் தவிக்கிறார், செபிக்கிறார், பரீட்சை மண்டபத்தில் வாய் திறக்க முடியாமல் சற்று நேரம் நிற்கிறார். பிறகு பதில் சொல்லி நன்றாகத் தேறிவிடுகிறார். தேறியும் அவரைக் காங்கோவுக்கு அனுப்பவில்லை. மனநோயாளிகள் காப்பகத்துக்கு அனுப்புகிறார்கள். இந்த இடத்தில் என் கருத்தை மறைக்க விரும்பவில்லை. அந்தத் தாயார் கேட்டது தவறு. ஒரு செவிலியின் அறிவு அவருடைய சொந்தச் சொத்து அல்ல, தியாகம் செய்து கொடுத்துவிட. அது நோயாளிக்கு உரியது.

பிறகு காங்கோ. ஃபோர்துனாத்தி என்ற அறுவை மருத்துவர், கடவுள் நம்பிக்கை இல்லாதவர், மேதை. சகோதரி லூக் அவருக்கு வலக்கையாக இருக்கிறார். காசநோய் வருகிறது, மருத்துவர் குணமாக்குகிறார். நீங்கள் நோயாளிகளுக்குப் பொன்னான ஆள், ஆனால் உங்கள் மடம் எதிர்பார்க்கிற கன்னியாக நீங்கள் ஒருநாளும் ஆகப்போவதில்லை என்று அவரே அவருக்கு எடுத்துச் சொல்கிறார். இந்தக் காங்கோப் பகுதியில் எனக்கு ஒரு குறை உண்டு. காங்கோ மக்கள் பெரும்பாலும் பின்னணியாகவே நிற்கிறார்கள். அவர்களுடைய நாட்டில் அவர்களுக்கே பேச்சு குறைவு. படம் வெளிவந்த மறுவருடமே, 1960-இல், அந்த நாடு சுதந்திரம் அடைந்தது என்பதை நினைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

இந்தப் பகுதியில் நம்மைப் போன்றவர்கள் தவறவிடக் கூடாத ஒரு முகம் இருக்கிறது. சில காட்சிகளை யக்கூசு என்னும் ஊரில் எடுத்தார்கள். அது கத்தோலிக்க இடம் அல்ல. ஆங்கில பாப்டிஸ்ட் மிஷனின் மருத்துவமனை. அங்கே 1936-இலிருந்து பணிபுரிந்த மருத்துவர் ஸ்டான்லி பிரவுன், தொழுநோய் மருத்துவத்தில் உலகப்புகழ் பெற்றவர், படத்தில் தோன்றுகிறார். கத்தோலிக்கக் கன்னியின் கதையை யூதர் ஒருவர் பாப்டிஸ்ட் ஆஸ்பத்திரியில் போய்ப் படம் பிடித்திருக்கிறார்! வேறு சபைகளிலிருந்து இங்கே வந்திருக்கும் உபகாரிகள் இதைக் கேட்டு மகிழ்வார்கள் என்று நினைக்கிறேன்.

போர் வருகிறது. பெல்ஜியத்துக்குத் திரும்பிய சகோதரி லூக்கின் தந்தையை ஜெர்மானியர் கொன்றுவிடுகிறார்கள். மன்னிக்க அவரால் முடியவில்லை. மடத்தை விட்டுப் போக அனுமதி கேட்கிறார். பெரிய தாயாரிடம் கடைசியாகப் பேசும்போது மணியைப் பற்றித்தான் பேசுகிறார். துன்பப்படும் மனிதர் தம் ஆத்துமத்தைப் பற்றிப் பேச விரும்பும் அதே நேரத்தில் கடவுளின் ஊழியர்கள் ஏன் ஊமையாக வேண்டும் என்று கேட்கிறார். அவருக்குப் பதில் கிடைக்கவில்லை. ஒரு சிறிய அறையில் தனியாகத் துறவற உடையைக் கழற்றி வைத்து, சாதாரண உடையில், கையில் பெட்டியோடு, தெருவில் இறங்கி நடந்து போய்விடுகிறார். கேமரா அந்த அறையிலேயே நின்றுவிடுகிறது. பின்னணி இசை கிடையாது. மகிழ்ச்சியான இசை வைத்தால் வெளியேறியதைப் பாராட்டுவதாகும், சோக இசை வைத்தால் பார்ப்பவர்கள் மனம் சோர்ந்துவிடும் என்று ஜின்னமன் இசையே வேண்டாம் என்றார்.

இது கற்பனைக் கதை அல்ல. மரீ லூயிஸ் ஹாபெட்ஸ் என்ற பெல்ஜியச் செவிலியின் வாழ்க்கை. 1944-இல் மடத்தை விட்டு வெளியேறியவர். போருக்குப் பின் ஜெர்மனியில் அகதிகள் முகாமில் பணிசெய்தபோது காத்ரின் ஹியூம் என்ற அமெரிக்க எழுத்தாளரைச் சந்தித்தார். அவர் 1956-இல் அதை நாவலாக எழுதினார். வெளியேறியவர் செவிலித் தொழிலை விடவில்லை. படம் முடிந்தபின் ஆட்ரி ஹெப்பர்ன் வேறொரு படப்பிடிப்பில் குதிரையிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்து கிடந்தபோது, அவரைப் பார்த்துக்கொள்ள வந்தவர் இதே ஹாபெட்ஸ். தன்னைத் திரையில் நடித்துக் காட்டியவளுக்குப் படுக்கை விரித்து, உடம்பு துடைத்துவிட்டிருக்கிறார். இது எந்தத் திரைக்கதை ஆசிரியரும் எழுதத் துணியாத காட்சி.

ஆக, இது துறவறத்துக்கு எதிரான படமா? அப்படிச் சொன்னவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. இந்தப் படம் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதில் தெரியாமல் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிறது. அந்தப் பதில் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் கையில் இருந்தது. செபத்தில் இருக்கும்போது ஏழை ஒருவருக்கு மருந்து கொண்டுபோகும்படி அழைப்பு வந்தால் தயங்காமல் எழுந்து போங்கள், அது கடவுளுக்காகக் கடவுளை விட்டுப் போவதுதான் என்று வின்சென்ட் தம் சகோதரிகளுக்குத் திரும்பத் திரும்பப் போதித்திருக்கிறார். செபம் முக்கியமில்லை என்பவர் அல்லர் அவர். அவருடைய சகோதரிகள் அதிகாலை நான்கு மணிக்கு எழுந்தவர்கள். மணி கடவுளின் குரல் என்பதை அவரும் ஒப்புக்கொள்வார். நோயாளி படுக்கையிலிருந்து அடிக்கும் மணியும் கடவுளின் குரல் என்பார்.

இதிலே வியப்பு என்னவென்றால், ஹாபெட்ஸ் சேர்ந்திருந்த சபையை 1803-இல் தொடங்கிய திரியெஸ்ட் அடிகளாருக்கு 'பெல்ஜியத்தின் வின்சென்ட் தெ பவுல்' என்றே பெயர்! வின்சென்டின் பெயரால் பிறந்த சபையிலேயே பழைய துறவு மடங்களின் மணி அவ்வளவு உரக்க ஒலித்திருக்கிறது. யாரையும் குறை சொல்வதற்கில்லை. பல சபைகளில் அன்று அதுவே வழக்கம். 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், துறவற சபைகள் தங்கள் தொடக்க நோக்கத்துக்குத் திரும்பி, ஒழுங்குகளைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. சகோதரி லூக் இருபது வருடம் முந்திவிட்டார், அவ்வளவுதான்.

நம் சகோதரிகளுக்கு இன்று மடத்து மணி அத்தனை பெரிய தொல்லை இல்லை. வேறு மணிகள் இருக்கின்றன. ஓர் இரவில் இரண்டு வார்டுக்கு ஒரு சகோதரி. ஊசி நேரம், சொட்டு மருந்து மாற்றும் நேரம், கணினியில் பதிவு செய்யும் நேரம், பிறகு காப்பீட்டுப் படிவம். கிழவி ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, கொஞ்சம் உட்காருங்களேன்" என்றால் உட்கார நேரமில்லை. துணைக்கு ஆள் இருக்கும் நோயாளி எப்படியோ சமாளித்துக்கொள்வார். மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு ஓட, வெந்நீர் பிடித்துவர, இரவில் கழிப்பறைக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போக வீட்டு மனிதர் இருப்பார். யாருமே இல்லாமல் வந்து படுத்திருப்பவர்கள் இருக்கிறார்களே, அவர்களைப் பற்றித்தான் நிர்வாகச் சகோதரி என்னிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். இரவில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க நான்கு பெண்களையும் இரண்டு ஆண்களையும் சம்பளத்துக்கு வைக்க வேண்டும். இதற்குப் பணம் கேட்பது கடினம் என்று எனக்குத் தெரியும். மின்விசிறி வாங்கிக் கொடுத்தால் இறக்கையில் உபயம் என்று பெயர் எழுதலாம். குழல் விளக்கிலும் எழுதலாம். வெளிச்சம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. இரவு இரண்டு மணிக்கு ஒரு கிழவருக்குத் தண்ணீர் கொடுத்தவரின் சம்பளத்தில் எங்கே பெயர் எழுதுவது?

'முசியே வின்சென்ட்' படத்தின் கடைசிக் காட்சியைச் சொல்லாமல் முடித்தால் எனக்கு மனம் ஆறாது. சாகும் தறுவாயில் இருக்கும் வின்சென்டிடம் ஷான் என்ற இளம் சகோதரி வருகிறாள். மறுநாள் முதல்முறையாக ஏழைகளின் வீடுகளுக்குப் போகப்போகிறவள். கிழவர் அவளோடு பேசுகிறார். கஞ்சிப் பாத்திரத்தையும் ரொட்டிக் கூடையையும்விட அன்பு கனமான சுமை என்கிறார். ரொட்டி கொடுப்பது பணக்காரர்களாலும் முடியும். நீ ஏழைகளின் வேலைக்காரி. அவர்கள் பொல்லாத எசமான்கள், கோபக்காரர்கள், எதையும் குறை சொல்வார்கள் என்கிறார். அவர்களுக்கு நாம் ரொட்டி கொடுத்துவிட்டோமே, அந்தக் குற்றத்தை அவர்கள் மன்னிப்பது நம்மிடம் அன்பு இருந்தால் மட்டுமே என்ற பொருளில் முடிக்கிறார். இந்த வசனம் புனிதரின் சொந்த வாக்கு என்றே பல சபை மலர்களிலும் படங்களின் பின்புறத்திலும் அச்சாகிவிட்டது. உண்மையில் படத்துக்காக நாடகாசிரியர் ழான் அனூய் எழுதிய வசனம் அது. வின்சென்ட் சொல்லியிருந்தால் மறுத்திருக்க மாட்டார் என்பதும் உண்மைதான்.

அவர் தாமே எழுதியது ஒன்று இருக்கிறது. எனக்கு வசனத்தைவிட அது பிடிக்கும். ஷத்தியோன் பெண்களுக்கு 1617-இல் அவர் எழுதிக்கொடுத்த ஒழுங்கு. உணவை எப்படிக் கொண்டுபோக வேண்டும் என்று வரி வரியாக இருக்கிறது. நோயாளிக்கு அன்போடு வணக்கம் சொல்ல வேண்டும், படுக்கையில் தட்டைச் சரியாக வைக்க வேண்டும், மேலே துணி விரிக்க வேண்டும், கை கழுவிவிட வேண்டும், செபம் சொல்ல வேண்டும், இறைச்சியைச் சின்னத் துண்டுகளாக வெட்டிக் கொடுக்க வேண்டும், சொந்த மகனுக்குச் செய்வதுபோலச் சாப்பிடச் சொல்லிப் பேச்சுக் கொடுக்க வேண்டும். பிறகு யாரிடம் முதலில் போவது என்று ஒரு குறிப்பு. துணைக்கு ஆள் இருக்கும் நோயாளியிடம் முதலில் போய்விட்டு, தனியாக இருப்பவரிடம் கடைசியில் போக வேண்டுமாம். கடைசியில் போனால்தான் அவரோடு அதிக நேரம் இருக்கலாம்.

தேநீருக்குப் பிறகு நாம் வார்டுகளைச் சுற்றிப் பார்க்கப் போகிறோம். பழமும் ரொட்டியும் பொட்டலமாகக் கட்டி வாசலில் வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு நான்கு எடுத்துக்கொள்ளுங்கள். துணையாள் இல்லாதவர்களின் படுக்கை எண்கள் வார்டுச் சகோதரிகளிடம் இருக்கின்றன. பார்வையாளர் நேரம் ஆறு மணியோடு முடியும். அந்தப் படுக்கைகளில் இருப்பவர்களுக்கு மட்டும் இன்றைக்கு ஏழு மணி வரை அனுமதி வாங்கியிருக்கிறேன்.